நீல ரோஜா, பால்ரோக் சிறகு, பித்தளை மந்திரம்: வாசகர் கேள்வி பதில்

மிகுபுனைவு (ஃபேன்டசி) தொடர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் அழைத்திருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே ரகம்: ‘இந்தத் தியரி உண்மையா?’ ஆகவே இம்முறை பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டோம். கீழே பல முடிச்சுகள் அவிழும். ‘வீல் ஆஃப் டைம்’ தொடரை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் தெம்பனிஸ் வாசகரின் கேள்வியைத் தாண்டிச் சென்றுவிடுங்கள்.

கேள்வி: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் ஜான் ஸ்னோ யார் பிள்ளை என்று காட்டிவிட்டார்கள். என் நண்பரோ, ‘புத்தகத்தில் அது இன்னும் தியரிதான்’ என்று விடாப்பிடியாக நிற்கிறார். யார் சொல்வது சரி? (வாசகர், ஈசூன்)

நண்பர் சொல்வது எழுத்துக்கு எழுத்து சரி. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதி வெளிவந்த ஐந்து பாகங்களில் (1996, 1998, 2000, 2005, 2011) ஜானின் தாய் லியானா ஸ்டார்க், தந்தை ரேகார் தார்கேரியன் என்று நேராகச் சொல்லும் வரி ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அதற்காக அதை வெறும் ஊகம் என்று ஒதுக்கினால் மார்ட்டின் தூவி வைத்த தடயங்களைப் படிக்கவில்லை என்றாகிவிடும்.

ஜானைத் தன் முறைகேடான மகன் என்று சொல்லி வளர்ப்பவர் நெட் ஸ்டார்க். முதல் பாகத்தில் 15 அத்தியாயங்கள் அவர் பார்வையில் நகர்கின்றன. அத்தனை முறை அவர் மனத்துக்குள் நுழைந்தும் ஜானைப் பெற்றவள் யார் என்பது நம் காதில் விழுவதில்லை. மனைவி கேட்லின் வாய்விட்டுக் கேட்டபோது, அவன் என் ரத்தம், அதற்குமேல் தெரிய வேண்டாம் என்று முடித்துவிடுகிறார். லியானா நெட்டின் தங்கை. நம் உறவுமுறையில் நெட் தாய்மாமன், ஜான் மருமகன். ‘என் ரத்தம்’ என்பது மருமகனுக்கும் பொருந்தும். பொய் சொல்லாமல் உண்மையை மறைக்கத் தெரிந்த மனிதரின் பேச்சு அது.

வலுவான தடயம் கோபுரக் கனவு. நெட்டின் 10ஆம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். டோர்ன் எல்லை மலையில் ஒரு கோபுரம், உள்ளே லியானா. நெட்டும் ஆறு துணைவரும் ஒரு பக்கம், அரசரின் மெய்க்காவலர் மூவர் மறுபக்கம். அந்த நேரத்தில் ரேகாரின் தந்தை அரசர் ஏரிஸ் கொல்லப்பட்டாயிற்று, ரேகாரும் போரில் மாண்டாயிற்று. எஞ்சிய இளவரசன் விசேரிஸ் டிராகன்ஸ்டோனுக்குக் கொண்டுபோகப்பட்டுவிட்டான். மெய்க்காவலர் என்றால் அவனோடு அல்லவா இருக்க வேண்டும்? யாருமற்ற மலையில் எதைக் காக்கிறார்கள்? உள்ளே விசேரிஸுக்கு முந்திய வாரிசு ஒன்று இருந்தால் கணக்கு நேராகிறது. ‘ரேகார் இட்ட கட்டளைக்காக லியானாவைக் காத்தார்கள்’ என்று எதிர்வாதம் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஆனால் அரச குலமே அழிந்துகொண்டிருக்கும் நாளில் மூவரும் அங்கேயே நின்றதை அது முழுதாக விளக்கவில்லை.

அடுத்தது ஒரு சொல். லியானா ரத்தப் படுக்கையில் கிடந்ததாக நெட் நினைக்கிறார். அதே பாகத்தில் மருத்துவச்சி மிரி மாஸ் தூர் அதைப் போன்ற சொல்லைப் பிரசவத்துக்கு ஆளுகிறாள். மூன்றாவது நீல ரோஜா. ஹாரன்ஹால் போட்டியில் வென்ற ரேகார் தன் மனைவியைத் தாண்டிச் சென்று லியானாவுக்குச் சூட்டியது நீலக் குளிர்கால ரோஜா மாலை. இரண்டாம் பாகத்தில் ரேகாரின் தங்கை டெனேரிஸ் காணும் காட்சிகளில் பனிச்சுவரின் வெடிப்பில் ஒரு நீலப்பூ பூத்திருக்கிறது. பனிச்சுவரில் காவல் இருப்பவன் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தாய் என்று புத்தகத்தில் அடிபடும் பெயர்கள் வேறு: வைலா என்ற பணிப்பெண், ஆஷாரா டெய்ன் என்ற பிரபு வீட்டுப் பெண், ஐந்தாம் பாகத்தில் பெயரில்லாத ஒரு மீனவர் மகள். ஒரு பிள்ளைக்கு மூன்று தாய் என்றால் அது ஊர்வாய், சாட்சியம் ஆகாது.

திரையில் 2016ஆம் ஆண்டு ஆறாம் பருவத்தின் கடைசிப் பகுதியில் பிறப்பு காட்டப்பட்டது. 2017இல் திருமணமும் ‘ஏகான்’ என்ற பெயரும் சேர்ந்தன. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஐந்தாம் பாகத்தில் ரேகாரின் மகன் ஏகான் என்று சொல்லிக்கொண்டு வேறொரு இளைஞன் வந்து நிற்கிறான். திரைத்தொடரில் அவனே இல்லை. ஆகவே திரையில் வந்த பெயரைப் புத்தகத்துக்குள் கொண்டுபோனால் ஒரு வீட்டில் இரண்டு ஏகான் என்ற சிக்கல் வரும். பெற்றோர் விஷயத்தை ஏறத்தாழ உறுதி என்று குறித்துக்கொள்ளுங்கள். பெயரும் திருமணமும் திரைக்கணக்கு. தொடரை எடுக்க வந்த இருவரிடம் மார்ட்டின் வைத்த சோதனைக் கேள்வியே ‘ஜானின் தாய் யார்?’ என்பதுதான். இந்தத் தகவலை உங்கள் நண்பரிடம் கடைசித் துருப்பாக இறக்கலாம்.

கேள்வி: ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் வரும் தீப்பூதமான பால்ரோக்குக்குச் சிறகு உண்டு என்கிறார் அண்ணன். இல்லை என்கிறேன் நான். வீட்டில் தினமும் சண்டை. (உயர்நிலை 3 மாணவி, உட்லண்ட்ஸ்)

தமிழ் இலக்கணப் புத்தகத்தை எடுத்து வாருங்கள், தீர்த்துவிடலாம்.

டோல்கீனின் மோரியாப் பாலம் அத்தியாயத்தில் இரண்டு வரிகள். முதலாவதில், பால்ரோக்கைச் சூழ்ந்த நிழல் இரு பெரும் சிறகுகளைப் போல விரிந்தது என்று வருகிறது. ‘போல’ உவம உருபு. ஆக, இருப்பது நிழல், சிறகு உவமானம். சில பத்திகள் தாண்டி, அதன் சிறகுகள் சுவருக்குச் சுவர் விரிந்தன என்று வரும்போது உருபைக் காணோம். அண்ணன் பிடித்துக்கொண்டிருப்பது இந்த வரியைத்தான்.

‘அவள் முகம் நிலவு போல இருந்தது’ என்று எழுதிய கவிஞர் அடுத்த அடியில் ‘நிலவு வாடியது’ என்றால் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர் யாரும் இல்லை. உவமை உருவகமாகிவிட்டது, அவ்வளவுதான். டோல்கீன் மொழியறிஞர், இந்த நகர்வு தற்செயலாக நேர்ந்திருக்காது என்பது எங்கள் எண்ணம். தீர்ப்பு உங்கள் பக்கம்.

ஆனால் ‘பாலம் உடைந்ததும் பள்ளத்தில் விழுந்ததே, சிறகிருந்தால் பறந்திருக்காதா?’ என்று மட்டும் வாதிடாதீர்கள். கோழிக்கும் சிறகுண்டு. அண்ணனுக்கு இன்னொரு நல்ல வாதமும் இருக்கிறது: இருட்டில் தொலைவிலிருந்து பார்த்தபோது ஐயத்தோடு ‘போல’ என்றவர், பக்கத்தில் வந்ததும் உறுதியாகச் சொன்னார் என்பது. அதை அவருக்குச் சொல்லாதீர்கள். 2001ஆம் ஆண்டுப் படத்தில் சிறகு இருப்பது ஓவியர்களின் முடிவு; இந்த வழக்கில் அது சாட்சி இல்லை.

கேள்வி: அதே கதையில் கழுகுகளில் ஏறிப்போய் மோதிரத்தை எரிமலையில் போட்டிருக்கலாமே? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

போட்டிருக்கலாம், மோதிரத்தைத் தேடும் தீயவன் சாரோனுக்குக் கண்ணில்லாமல் இருந்திருந்தால். மறைந்து செல்வதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். கழுகுகள் கதைக்கு ஆபத்தான கருவி, அளவாகவே பயன்படுத்தினேன் என்று டோல்கீனே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: ‘மிஸ்ட்பார்ன்’ முதல் பாகம் முடித்தேன். பாத்திரங்களைப் பற்றி நான் ஊகிப்பது பலிக்கிறது, மந்திரத்தைப் பற்றி ஊகிப்பது எல்லாம் தவறிப்போகிறது. எங்கே பிழை? அடுத்த பாகங்களின் ரகசியத்தை உடைக்காமல் சொல்லவும். (வாசகி, ஜூரோங் வெஸ்ட்)

மந்திரத்தை அற்புதமாகப் பார்க்கிறீர்கள் போலிருக்கிறது. இந்தத் தொடரில் அதை இயற்பியல் வீட்டுப்பாடமாகப் பார்க்க வேண்டும். இதை எழுதிய பிராண்டன் சாண்டர்சன் 2007இல் எழுதிய கட்டுரையில் ஒரு விதி வைத்தார்: மந்திரத்தால் சிக்கலைத் தீர்க்க எழுத்தாளருக்கு உள்ள உரிமை, அந்த மந்திரம் வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ அவ்வளவுதான். அப்படியானால் முடிவுக்கு வேண்டிய விதிகள் முன்பே உங்கள் கையில் தரப்பட்டிருக்க வேண்டும்.

இந்தக் கதையில் உலோகத்தை விழுங்கி உடலுக்குள் ‘எரித்தால்’ மந்திரம் பிறக்கும். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். எட்டு உலோகங்கள், நான்கு சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தனி உலோகம், மற்றது அதன் கலவை. இரும்பு உலோகப் பொருள்களை இழுக்கும், எஃகு தள்ளும். வெள்ளீயம் புலன்களைக் கூர்மையாக்கும், வெள்ளீயக் கலவையான பியூட்டர் உடல் வலிமை தரும். துத்தநாகம் பிறர் உணர்ச்சியைத் தூண்டும், பித்தளை தணிக்கும். செம்பு மந்திரம் நடப்பதை மறைக்கும், வெண்கலம் அதைக் கண்டுபிடிக்கும். தனி உலோகம் இழுவிசை, கலவை தள்ளுவிசை. சிராங்கூன் சாலைப் பாத்திரக்கடை ஒன்றில் கால் மணி நேரம் நின்றால் பட்டியலில் பாதி கண்முன்னே தொங்கும்: பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கல உருளி, செம்புக் குடம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் உண்மையில் வெள்ளீயம்தான்.

இனி உயர் உலோகங்கள். பொன்னை எரித்தால் தன் கடந்த காலம் தெரியும்; வேறு பாதையில் போயிருந்தால் தான் என்னவாகியிருப்போம் என்ற நிழல். ஏட்டியம் எரித்தால் எதிராளியின் வருங்காலம், சில நொடிகள். முதல் பாகத்தின் இறுதியில் வரும் பதினோராவது உலோகம் பிறருடைய கடந்த காலத்தைக் காட்டியது. தன், பிறர் என்று இரண்டு வரிசை. கடந்தது, வருவது என்று இரண்டு நிரல். நான்கு கட்டத்தில் மூன்று நிரம்பிவிட்டது. காலியாக இருக்கும் கட்டம் எது, அது எதனுடைய கலவையாக இருக்க வேண்டும் என்று இன்றிரவே எழுதி வையுங்கள். விடை சரியா என்பதை அடுத்த பாகங்கள் சொல்லும். மந்திரத் தியரி என்றால் இப்படிக் காலிக் கட்டத்தை நிரப்புவதாக இருக்க வேண்டும்.

தவறும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. விசையின் திசையை மறந்துவிடுவது முதலாவது: எஃகு எரிப்பவர் தன் உடலின் நடுவிலிருந்து நேர்கோட்டில்தான் தள்ள முடியும், வளைத்துத் தள்ள முடியாது. எடையை மறப்பது இரண்டாவது: காசைத் தரையில் போட்டுத் தள்ளினால், தரை காசைத் தாங்கிக்கொள்ள, தள்ளியவர்தான் மேலே எழும்புவார், எதிரே இருப்பது தன்னைவிடக் கனமென்றால் நகர்வது தானே. மூன்றாவது எரிபொருள். விழுங்கிய உலோகம் தீர்ந்தால் மந்திரமும் தீர்ந்தது. கலவை விகிதம் பிசகினாலோ உலோகம் தூய்மையற்றிருந்தாலோ எரிப்பவருக்கு உடம்புக்கு வந்துவிடும். ‘அவர் ஏன் அப்படியே பறந்து தப்பிக்கவில்லை?’ என்று தொடங்கும் தியரிகளில் பெரும்பகுதி இந்த மூன்றில் ஒன்றில் கவிழ்ந்துவிடும்.

இதே கட்ட முறையை டோல்கீனிடம் கொண்டுபோகாதீர்கள். அவருடைய மந்திரவாதி கண்டால்ஃபின் ஆற்றலுக்கு அட்டவணை போட்டவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம்.

கேள்வி: ‘வீல் ஆஃப் டைம்’ தொடரில் அஸ்மோடியனைக் கொன்றது யார்? ஐந்தாம் பாகம் முடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடக்கிறேன். ரகசியம் உடைந்தாலும் பரவாயில்லை. (வாசகர், தெம்பனிஸ்)

உங்களுக்கு ஒரு பக்கம்தான் காத்திருப்பு. 1993இல் வாங்கிப் படித்தவர்கள் 17 ஆண்டு காத்திருந்தார்கள்.

கிரேண்டால், அஸ்மோடியனைப் போலவே இருளின் பக்கம் சேர்ந்த பழைய யுகத்து மந்திரக்காரி. 2010இல் வந்த 13ஆம் பாகத்தின் பின்னிணைப்புச் சொற்பட்டியலில், யாரும் எதிர்பாராத மூலையில், விடை போகிறபோக்கில் அச்சாகியிருந்தது. ராபர்ட் ஜோர்டன் 2007இல் மறைந்தபின் தொடரை முடித்துக்கொடுத்தவர் மேலே சொன்ன சாண்டர்சன்தான். ஆண்டுக்கணக்கில் பட்டியல் போட்டு, வரைபடம் வரைந்து வாதாடியவர்களுக்குச் சொற்பட்டியலில் பதில் சொல்வதா என்ற மனத்தாங்கல் இன்றும் உண்டு. எங்களுக்கும் உண்டு.

விடை தெரிந்தபின் கேள்வியைத் திரும்பப் படிப்பது நல்ல பயிற்சி. காட்சியில் இருப்பவை கொஞ்சம்தான். அஸ்மோடியன் அரண்மனையில் ஒரு கதவைத் திறக்கிறான், நிற்பவரை அடையாளம் கண்டு அதிர்கிறான், சாகிறான். ஆகவே கொன்றவர் அவனுக்கு முன்பே தெரிந்தவர், அவன் அஞ்சக்கூடியவர், அந்த ஊருக்குள் வந்துபோகக் காரணம் உள்ளவர். இந்த மூன்று சல்லடையில் சலித்தாலே பட்டியல் சுருங்கிவிடும். அதற்கு மேல் சுருக்கப் புத்தகத்தில் வழியில்லை என்பதுதான் வேடிக்கை. அந்த இடைவெளியில் பேலா என்ற சாதுவான பெண்குதிரைகூடக் குற்றவாளிப் பட்டியலில் ஏறியது. ரசிகர்களின் கேலிதான், ஆனால் பலருடைய கனமான தியரிகளைவிட அது நீண்ட நாள் வாழ்ந்தது.

ஐந்தாம் பாகத்தின் முடிவில் உங்களை உறுத்தியிருக்கக்கூடிய இன்னொன்று: செத்துப்போன மேட்டும் அவியெண்டாவும் (நாயகன் ராண்டின் துணைவர்கள்) எப்படி எழுந்தார்கள்? பேல்ஃபயர் என்ற அந்த வெண்தீ ஆளை எரிப்பதோடு நிற்பதில்லை. காலத்தில் அவருடைய இழையைப் பின்னோக்கி எரிக்கிறது. எவ்வளவு வலுவாக ஏவப்பட்டதோ அவ்வளவு தூரம் பின்னால் போகும். ராண்ட் தன் எதிரி ராவினை எரித்த வேகத்தில் ராவினின் சற்று முந்தைய செயல்களே இல்லாமல் போயின. அவன் ஏவிய மின்னலும் அதில் அடக்கம். அந்த மின்னலில் செத்தவர்களில் அஸ்மோடியனும் ஒருவன். சாவிலிருந்து மீண்டவன், சில பக்கங்களிலேயே கதவைத் திறந்து மறுபடி செத்தான், பாவம்.

‘அப்படியானால் யாரை வேண்டுமானாலும் மீட்கலாமே’ என்ற தியரி உடனே முளைக்கும். மீட்க முடியாது. பின்னோக்கி எரியும் நேரம் குறுகியது. நேற்றுச் செத்தவரை மீட்கவே பயங்கர வலிமை தேவை. மேலும் இழைகள் எரிய எரிய உலகின் நெசவே கிழியும். முன்னொரு யுகத்துப் போரில் நகரங்களையே இப்படி எரித்துப் பார்த்த இரு தரப்பும் பயந்துபோய் நிறுத்திக்கொண்டதாகக் கதையிலேயே இருக்கிறது.

கேள்வி: அதே தொடரின் ஐந்து சக்திகள் நம் பஞ்சபூதம்தானே? காலச்சக்கரம், யுகம் எல்லாம் நம்முடையதுதானே? (வாசகர், சுவா சூ காங்)

நிலம், நீர், தீ, காற்று வரை ஒத்துப்போகிறது. ஐந்தாவதில் பிரிகிறது: நமக்கு ஆகாயம், அங்கே ஆன்மா. யுகங்கள் நமக்கு நான்கு, அந்தச் சக்கரத்துக்கு ஆரங்கள் ஏழு. உறவு இருக்கிறது, ஆனால் ‘நம்மிடமிருந்து எடுத்தது’ என்று நிறுத்தினால், ஆண்களுக்கு நெருப்பும் நிலமும் பெண்களுக்கு நீரும் காற்றும் பொதுவாக வலுவாக இருக்கும் என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: மார்ட்டினின் தொடரில் அரசி செர்சிக்குச் சொல்லப்பட்ட குறியில் ‘வலோன்கார்’ என்ற சொல் வருகிறது. தமிழில் எழுதும்போது ‘தம்பி’ என்று போட்டேன். தவறு என்கிறார்கள். (வாசகி, செங்காங்)

தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் ‘தம்பி’ என்று எழுதிய நொடியில் மூன்று தியரிகளைக் கொன்றுவிட்டீர்கள்.

நான்காம் பாகத்தில் சிறுமி செர்சிக்குக் குறி சொல்லும் கிழவி, வலோன்கார் உன் கழுத்தை நெரிப்பான் என்கிறாள். பழைய வலேரிய மொழியில் அதற்கு இளைய சகோதரன் என்று பொருள் சொல்லப்படுகிறது. செர்சி அதைத் தன் தம்பி டிரியன் என்று நம்பியே பாதி வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்கிறாள். இரட்டைப் பிறவியான ஜேமியும் அவளுக்கு இளையவன்தான், அவள் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தவன். அதை அவள் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வாசகர்களில் பெரும்பாலோர் ஜேமி பக்கம்.

அதே பாகத்தில் முதிய அறிஞர் ஏமன் சாகும் தறுவாயில் ஒன்று சொல்கிறார்: பழைய குறி ஒன்றில் ‘வாக்களிக்கப்பட்ட இளவரசன்’ என்று ஆயிரம் ஆண்டாகப் படித்தோமே, மொழிபெயர்ப்பில் பிழை, டிராகனுக்கு ஆண் பெண் நிலையில்லை, ஆகவே வர வேண்டியது டெனேரிஸாகவும் இருக்கலாம். அதே மொழி, அதே பாகம். ஒரு குறியில் பால் பிசகியது என்று ஆசிரியர் வெளிப்படையாகக் காட்டிவிட்டு மற்றதில் மட்டும் நேராக வைத்திருப்பாரா? அதனால்தான் வலோன்கார் யாரோ ஒருவரின் தங்கையாகவும் இருக்கலாம் என்ற தியரி பிறந்தது. ‘செர்சியின் சகோதரன்’ என்று குறியில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

தமிழில் இந்தப் பால் மயக்கத்தைக் காப்பாற்றுவது கடினம். ‘தம்பி’ கதவைச் சாத்திவிடுகிறது. ‘இளவல்’ அழகான சொல், ஆனால் ஆண்பால். ‘நெரிப்பான்’ என்ற வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ‘இளைய பிள்ளையின் கைகள் உன் கழுத்தைச் சுற்றும்’ என்று எழுதிப் பாருங்கள். ‘பிள்ளை’ இருபாலுக்கும் வரும்; எழுவாய் ‘கைகள்’ ஆனதால் வினையும் பலவின்பாலாகி நழுவிக்கொள்கிறது. அல்லது வலோன்கார் என்றே விட்டுவிட்டு, பொருளைச் செர்சியின் வாயால் மட்டும் சொல்ல வையுங்கள். பிழை இருந்தால் அது அவளுடையதாக இருக்கட்டும். 2015இல் வந்த திரைக்காட்சியில் குறியின் இந்தப் பகுதியே விடுபட்டது. ஆகவே திரையைப் பார்த்து விடை தேடுவதில் பயனில்லை.

கேள்வி: ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ நூலில் வரும் டாம் பாம்படில் கடவுளா? (வாசகர், பொங்கோல்)

யார் என்று சொல்லாமல் விட்டது வேண்டுமென்றே என்று டோல்கீன் 1954ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் எழுதிவிட்டார். புராண காலத்திலும் சில புதிர்கள் இருக்க வேண்டுமாம். தவிர, அந்த நூலுக்கு 20 ஆண்டு முன்பே, 1934இல், பாம்படில் தனிக்கவிதையில் வந்தாயிற்று. பெயரே பிள்ளைகளின் மரப்பொம்மை ஒன்றின் பெயர். நூலின் கட்டமைப்புக்குள் அவரைப் பொருத்தும் எந்தத் தியரியும் இந்தப் பொம்மையில் தடுக்கி விழும்.

கேள்வி: இதையெல்லாம் பேசும் நீங்கள் நந்தினியின் பிறப்பைப் பற்றிப் பேசமாட்டீர்களா? ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? (வாசகர், தோ பாயோ)

‘பொன்னியின் செல்வன்’ மிகுபுனைவு இல்லை, வரலாற்றுப் புதினம். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், விடவும் மனமில்லை.

இங்கே இரண்டு வழக்குகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. நந்தினி கல்கியின் படைப்பு. அவள் பெற்றோரைப் பற்றி நாவலுக்குள் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், ஆகவே யார், எப்போது, எந்த நோக்கத்தில் சொல்கிறார் என்று எடைபோட்டுத்தான் முடிவுக்கு வர முடியும். ஆதித்த கரிகாலனோ வாழ்ந்து செத்த மனிதர். அவர் வழக்கில் நாவலுக்கு வெளியே ஒரு கல் இருக்கிறது: காட்டுமன்னார்கோவிலை ஒட்டிய உடையார்குடிக் கோயில் கல்வெட்டு. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களைச் சேர்ந்தோரின் நிலம் பறிக்கப்பட்ட கணக்கைத் தருகிறது. எப்படிக் கொன்றார்கள், யார் ஏவினார்கள் என்பது அதில் இல்லை. கல்கி அந்த இடைவெளியில்தான் இருட்டறையையும் நந்தினியையும் வைத்தார்.

‘உத்தம சோழர்தான் ஏவினார்’ என்பவர்கள் கல்வெட்டில் இல்லாததை நாவலிலிருந்தும், நாவலில் இல்லாததைக் கல்வெட்டிலிருந்தும் கடன் வாங்குகிறார்கள். ஒரு தியரிக்கு ஒரு சான்றுத் தொகுதி. கலந்தால் எதையும் நிறுவலாம்.

கேள்வி: ஆறு பேர் சேர்ந்து நூலகத்தில் மாதம் ஒருமுறை கூடி மார்ட்டினின் தொடரைப் படிக்கிறோம். தியரி பேச ஆரம்பித்தால் கூச்சலில் முடிகிறது. ஒழுங்காக நடத்த வழி சொல்லுங்கள். (வாசகர் குழு, அங் மோ கியோ)

பக்க எண்ணில் தொடங்குங்கள். கூச்சலில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஒருவர் கையில் பிரிட்டிஷ் பதிப்பு, மற்றவர் கையில் அமெரிக்கப் பதிப்பு, மூன்றாமவர் கைப்பேசியில். பிரிட்டிஷ் சாதா அட்டைப் பதிப்பில் மூன்றாம் பாகமும் ஐந்தாம் பாகமும் இரண்டிரண்டு புத்தகமாகப் பிரிந்து வரும். பக்கம் சொல்லி யாரும் யாரையும் பிடிக்க முடியாது. பாத்திரத்தின் பெயரும் அத்தனையாவது அத்தியாயம் என்பதும் சொல்லுங்கள்: ‘நெட் 10’, ‘கேட்லின் 2’. முதல் மூன்று பாகங்களுக்கு இது போதும். நான்கிலும் ஐந்திலும் சில அத்தியாயங்களுக்குப் பெயருக்குப் பதில் பட்டப்பெயர் வரும். அவற்றுக்கு அத்தியாயத் தலைப்பையே எழுதுங்கள். நான்காம் பாகமும் ஐந்தாம் பாகத்தின் பெரும்பகுதியும் ஒரே காலத்தில் நடப்பவை என்பதையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ‘இவருக்கு அது முன்பே தெரியும்’ என்ற வகைத் தியரிகள் அங்கேதான் பொய்க்கின்றன.

பிறகு அட்டை. ஒரு தியரிக்கு ஒரு அட்டை, உள்ளங்கை அளவு போதும். மேலே தியரி ஒரே வாக்கியத்தில். ‘ஏதோ மர்மம் இருக்கிறது’ என்பது தியரி ஆகாது. இன்னார் இன்னாருடைய பிள்ளை, இன்னார் இன்ன மந்திரத்தால் சாவார் என்று இருக்க வேண்டும். அடுத்து மூன்று சான்று. குறைந்தது இரண்டு வெவ்வேறு பார்வைப் பாத்திரங்களிடமிருந்து. கனவு, குறி, பாட்டு இவற்றுக்கு அரை மதிப்புப் போடுங்கள், ஏனென்றால் அவற்றை எந்தப் பக்கமும் வளைக்கலாம். பின்பக்கம் எதிர்ச்சான்று குறைந்தது ஒன்று. கடைசி வரிதான் முக்கியம்: அடுத்து என்ன நடந்தால் இந்தத் தியரி செத்தது? அந்த வரியை நிரப்ப முடியாத அட்டை மேசைக்கு வரக் கூடாது. தேதியும் போடுங்கள்.

கூட்டத்துக்கு இரண்டு அட்டைக்கு மேல் வேண்டாம். அட்டையை எழுதியவர் ஐந்து நிமிடம் பேசட்டும். மற்ற ஐவரில் ஒருவர் அன்றைக்கு எதிர்தரப்பு வக்கீல், சுழற்சி முறையில். அவர் மனத்துக்குள் அந்தத் தியரியை நம்பினாலும் எதிர்த்தே பேச வேண்டும். ‘நிரூபிக்கப்பட்டது’ என்ற முத்திரையே வைத்துக்கொள்ளாதீர்கள். வலுவானது, நிற்கிறது, ஆட்டம் காண்கிறது, செத்தது என்று நான்கு போதும். யார் எதுவரை படித்திருக்கிறார்கள் என்பதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்டு, ஆகப் பின்தங்கியவரின் எல்லையைத் தாண்டாதீர்கள். நூலக இரவல் 21 நாள், உங்கள் கூட்டமோ மாதம் ஒன்று. புத்தகத்தைத் திருப்பும் முன் சான்று வரியை அட்டையில் கையால் எழுதிக்கொள்ளாவிட்டால் கூட்டத்தன்று ‘எங்கோ படித்தேனே’ என்ற பேச்சுதான் மிஞ்சும். விக்டோரியா தெரு தேசிய நூலகத்துக்கு எதிரே பிராஸ் பாசா கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு பொதுப் பிரதி தேடிப் பாருங்கள். அதில் கூச்சமின்றிக் கோடு போடலாம்.

செத்த அட்டைகளை எறியாதீர்கள். ‘வீல் ஆஃப் டைம்’ ரசிகர்களிடம் மாஸ்ரிம் டைம் என்ற பாத்திரம்தான் மாறுவேடத்தில் திரியும் பழைய யுகத்து வில்லன் டெமாண்ட்ரெட் என்றொரு தியரி பல ஆண்டு கோலோச்சியது. 1994இல் வந்த ஆறாம் பாகத்தில் டைம் பேச்சுவாக்கில் ஐயெல் மக்களை ‘ஐயெல் எனப்படுவோர்’ என்று சொல்லிவிடுகிறான். பழைய யுகத்து ஆள்தான் அப்படிச் சொல்வான். சான்று சுத்தம், எதிர்ச்சான்று குறைவு. ஜோர்டனே மறுத்தும் பலர் நம்பவில்லை. 2013இல் கடைசிப் பாகத்தில் டெமாண்ட்ரெட் வேறொரு நாட்டுப் படையோடு தனியாக வந்து நின்றான். தோற்ற தியரிகளில் அதைப் போல் நேர்த்தியானது அரிது. உங்கள் குழுவின் முதல் பயிற்சி அட்டையாக அதையே எழுதிப் பாருங்கள், பின்பக்கத்தில் எந்த வரியைப் போட்டிருந்தால் முன்கூட்டியே பிடித்திருக்கலாம் என்று.